நேர்க்கோட்டில் பத்து மணி நேரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்திரெண்டு வருஷமா டிக்கெட் போடுற வேலை பாக்கிறவளுக்கு வாய் நீளாம வேற என்ன நீளும்? ஒரு நாளைக்கு நாப்பது பேரு வந்து நாப்பது விதமாக் கேப்பாங்க. ஜன்னல் சீட்டுன்னா ஜன்னலைத் தொறந்து வச்சுக்கலாமான்னு கேட்ட ஆளைப் பாத்திருக்கேன். போற வழில எங்க அத்தை ஊர்ல அஞ்சு நிமிஷம் நிறுத்துவாங்களான்னு கேட்ட ஆளையும் பாத்திருக்கேன். பொறுமையா இருக்கணும்னு முதலாளி மாசத்துக்கு ஒரு தடவை சொல்லுவாரு. நானும் மாசத்துக்கு ஒரு தடவை பொறுமையா இருப்பேன்.

டிரைவர் சார் வந்த அன்னிக்கு அந்த மாசத்துக்கான பொறுமை முடிஞ்சு போயிருந்துச்சு.

அன்னிக்குப் புதன்கிழமை. எங்க ஆபீஸ் ஒண்ணும் பெருசில்ல. ஒரு கண்ணாடிக் கதவு, மூணு நாற்காலி, சுவர்ல வெளுத்துப் போன உலக வரைபடம், என் மேசை, முதலாளி மேசை. அவ்வளவுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி நாற்காலில உக்காந்து, மலைக்குப் போறதா கடலுக்குப் போறதான்னு முக்கால் மணி நேரமாச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. அப்பதான் அவரு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தாரு. அறுபத்திமூணு அறுபத்திநாலு வயசு இருக்கும். அந்த வெயில்லயும் முழுக்கை சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். கைல ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"மேடம், ஒரு டிக்கெட் வேணும். இந்தச் சனி இல்ல, அதுக்கடுத்த சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினாப் போதும். ஞாயித்துக்கிழமை காலைல பத்துக்கு அங்க இருப்பேன்."

எந்த ஊருன்னு கேட்டேன். சொன்னாரு. வரைபடத்துல கிழக்கு ஓரமா, கீழ, சட்டத்துக்குள்ள பாதி மறைஞ்சு கிடக்கிற ஊரு. இத்தனை வருஷத்துல அந்த ஊருக்கு நான் போட்ட டிக்கெட்டை விரல் விட்டு எண்ணிரலாம்.

"பத்துக்கு எப்படி சார் இருப்பீங்க?"

அவரு ஃபைல்லேருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னாடி விரிச்சாரு. பஸ் டிரைவருங்க எழுதுற பழைய டிரிப் ஷீட்டோட பின்பக்கம். அதுல அழகாக் கட்டம் போட்டு எழுதியிருந்தாரு: தூரம் 8,412 கிலோமீட்டர். வேகம் 835. நேரம் பத்து மணி அஞ்சு நிமிஷம்.

"ஃபோன்ல ரெண்டு ஊரு பேரையும் போட்டா அதுவே சொல்லுது மேடம். நம்பாம நானும் வகுத்துப் பாத்தேன். சரியா வருது. அங்க கடிகாரம் ஆறு மணி நேரம் முன்னாடி ஓடுது, அதையும் கூட்டிட்டேன்."

சொல்லிட்டு என்னைப் பாத்தாரு. கணக்கு சரின்னு டீச்சர் சொல்லணும்னு பிள்ளைங்க நிக்குமே, அந்த மாதிரி. நான் என்ன பண்ணினேன்? சிரிச்சேன்.

"சார், இது காக்காய்க்குப் போட்ட கணக்கு. அந்த ஊருக்கு இங்கேருந்து நேரா ஃபிளைட்டே கிடையாது. உங்க ஃபோன் ரெண்டு புள்ளி வச்சு நடுவுல ஒரு கோடு போட்டு, அதை வேகத்தால வகுத்துச் சொல்லுது. கோடு போட்டா பிளேன் வந்துருமா? நானும் எங்க வீட்டு மொட்டைமாடிலேருந்து நிலாவுக்கு ஒரு கோடு போடுறேன், நீங்க எனக்கு டிக்கெட் குடுக்கிறீங்களா?"

அந்த ஜோடி சண்டையை விட்டுட்டு சிரிச்சாங்க. முதலாளியும் சிரிச்சாரு. எனக்குக் கேக்கணுமா, இன்னும் ஏறிக்கிச்சு.

"இருபத்தொம்பது மணி நேரம் ஆகும் சார். காலைல பத்து மணிக்கு இங்கேருந்து மேற்க போற ஃபிளைட் ஒண்ணு, தினம் அது ஒண்ணுதான். அங்கேருந்து கிழக்க பதினோரு மணி நேரம். அங்க இறங்கி மறுபடி ஒண்ணு."

"கிழக்க போறதுக்கு எதுக்கு மேடம் மேற்க போகணும்?"

உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. ஆனா அதுக்கும் சிரிப்பு. அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குச்சு.

அவரு காகிதத்தை நாலா மடிச்சு ஃபைல்ல வச்சாரு. "சரிங்க மேடம். தெரியாமக் கேட்டுட்டேன்"ன்னு சொல்லிட்டு, கதவு அடிச்சுச் சாத்திக்காம கையால பிடிச்சு மெல்ல விட்டுட்டுப் போனாரு.

நான் அடுத்த வேலையைப் பாத்தேன். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்திருக்கிறது தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு பஸ் வந்துச்சு, போச்சு. அவரு ஏறல. ரெண்டாவது, மூணாவது. ஒவ்வொரு பஸ் வந்து நிக்கிறப்பவும் கொஞ்சம் குனிஞ்சு, உள்ள நிக்கிற ஆளுங்களையே பாக்கிறாரு. அப்புறம் தலையை ஆட்டிக்கிறாரு. இந்த ஜோடி கடைசில மலையுமில்ல கடலுமில்ல, பொண்ணோட அம்மா வீட்டுக்கே போறதுன்னு முடிவு பண்ணி எந்திரிச்சுப் போச்சு. அப்பவும் அவரு அங்கயேதான் உக்காந்திருந்தாரு.

எனக்கு மனசு கேக்கல. தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"சார், மயக்கமா இருக்கா? தண்ணி குடிங்க."

"வேணாம் மேடம். இன்னிக்குக் கோட்டா முடிஞ்சிருச்சு."

"தண்ணில என்ன சார் கோட்டா?"

அவரு இடது கைப் பொத்தானைக் கழட்டி சட்டையைச் சுருட்டினாரு. முழங்கைக்குக் கீழ ஒரு நரம்பு விரல் தடிமனுக்குப் புடைச்சிருந்துச்சு. அது நெடுக ஊசி குத்தின தழும்பு. ரெண்டு இடத்துல பிளாஸ்திரி.

"வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் மேடம். செவ்வாய், வியாழன், சனி. காலைல ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் மெஷின்ல ரத்தத்தைக் கழுவி விடுவாங்க. தப்பினா உடம்புல தண்ணி கோத்துக்கும், மூச்சு நின்னுரும். இதைப் பாத்தா டிக்கெட் தர மாட்டீங்கன்னுதான் முழுக்கை சட்டை. சனிக்கிழமை மெஷின்லேருந்து எந்திரிச்சு, சாயங்காலம் ஏறி, திங்கக்கிழமை வேலையை முடிச்சுட்டு, செவ்வாக்கிழமை அந்த ஊரு மெஷின்ல படுத்துக்கலாம்னு கணக்குப் போட்டேன். பத்து மணி நேரம்னா சரியா வந்திருக்கும்."

"திங்கக்கிழமை அப்படி என்ன சார் வேலை?"

அப்பதான் சொன்னாரு. முப்பத்திநாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவராம். ஒரே பொண்ணு. முப்பத்தொரு வயசு ஆகுது, இன்னும் அவருக்குப் பாப்பாதான். அந்தப் பாப்பாவுக்குப் பத்தொம்பது வயசு இருக்கிறப்ப ஒரு நாள் டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கு. வந்த இடத்துல, அப்பா எனக்கு பஸ் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டிருக்கு.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? ஸ்டியரிங் இவ்வளவு அகலம், உன் கை இம்மாத்தூண்டு, போயி தையல் மெஷினை ஓட்டுன்னேன். சொல்லிட்டு சிரிச்சேன். கூட மூணு டிரைவருங்க இருந்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க. பாப்பா காலி டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

அந்தப் பொண்ணு ஓட்டல் ரூம் கூட்டுற வேலைக்குன்னு அந்த ஊருக்குப் போயிருக்கு. போன இடத்துல தன் காசைப் போட்டு பஸ் ஓட்டக் கத்துக்கிட்டு, ரெண்டு தடவை ஃபெயிலாகி, மூணாவது தடவை பாஸாகியிருக்கு. பாஸான பிறகுதான் இவருக்கே தெரியும். ஃபோனை எடுத்து எனக்கு அந்த மெசேஜைக் காட்டினாரு. 'அப்பா, திங்கக்கிழமை மதியம் 2.10. முதல் டிரிப். தனியா.' கீழ ரூட் நம்பர்.

"வாங்கன்னு கூப்பிடல மேடம். என் உடம்பு நிலைமை அதுக்குத் தெரியும், கூப்பிடாது. போன வருஷம் அது எடுத்துக் குடுத்த விசா அப்படியே கிடக்கு, நான்தான் படுத்துட்டேன். ஆனா டைம் போட்டு எதுக்கு அனுப்பணும்? டிரைவர் பொண்ணு அது. டைம் சும்மா எழுதாது."

"வேற ஒரு நாள் போயி அந்த பஸ்ல ஏறிக்கலாமே சார்?"

"முதல் டிரிப் ஒண்ணுதானே மேடம். அன்னிக்கு மூணு பேரு முன்னாடி சிரிச்சேன். இன்னிக்கு பஸ் நிறைய ஆளு இருக்கிறப்ப அதுல ஒரு ஆளா நான் ஏறணும். வேற எப்படி அதைத் திருப்பி எடுக்கிறது, சொல்லுங்க."

எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. நானும் மூணு பேரு முன்னாடிதானே அந்த மனுஷனைப் பாத்து சிரிச்சேன். மன்னிப்புக் கேக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசுலேருந்தே கிடையாது, வாயில வரவும் வராது.

"உள்ள வாங்க சார். டீ சொல்றேன். ஓ, அதுவும் கூடாதோ? சரி, சும்மா வாங்க."

அன்னிக்கு மத்தியானம் சாப்பிடப் போகாம உக்காந்து பாத்தேன். சனிக்கிழமை காலைல டயாலிசிஸ் முடியறதுக்குள்ள பத்து மணி ஃபிளைட் போயிரும். ஞாயித்துக்கிழமை காலை ஃபிளைட்ல போனா, திங்கக்கிழமை ராத்திரிதான் அங்க இறங்குவாரு. பஸ் போயிருக்கும். டயாலிசிஸை வெள்ளிக்கிழமைக்கு மாத்த முடியுமான்னு அவரு போற ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒவ்வொரு மெஷினுக்கும் நாலு ஷிஃப்ட்டு ஆளு இருக்காங்கக்கா. யாரை எழுப்பி விடச் சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு. அதுவும் நியாயம்தான்.

இத்தனை வருஷமா எங்கிட்ட வந்த எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: சீக்கிரமாப் போற மாதிரி போடுங்க. என் கையும் அதுக்கே பழகிப் போச்சு. குறைஞ்ச நேரம் எதுன்னுதான் முதல்ல தேடும். அன்னிக்குத்தான் முதல் தடவையா மெதுவாப் போற வழியைத் தேடினேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே கிளப்பி விட்டுரலாம். மேற்க இருக்கிற அந்த நடு ஊர்ல ராத்திரி தங்கட்டும். சனிக்கிழமை காலைல அங்கயே டயாலிசிஸ். சாயங்காலம் அங்கேருந்து ஏறி, இன்னொரு இடத்துல மாறினா, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பதுக்கு மக ஊரு.

"மொத்தம் அம்பத்திமூணு மணி நேரம் சார்."

"நான் பத்துன்னு வந்தேன்" அப்படின்னாரு பாவமா.

"நடுவுல ஒரு டிப்போன்னு வச்சுக்கங்க. வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, அப்புறம் எடுக்கிறோம்."

முதல் தடவையா சிரிச்சாரு. "கிழக்க போறதுக்கு மேற்க டிப்போ. சரி, போவோம்."

சொல்றது சுலபம். நடு ஊர்ல நான் கூப்பிட்ட மூணு ஆஸ்பத்திரியும் முடியாதுன்னுட்டாங்க. நாலாவதுல ஒரு நர்ஸம்மா, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டெல்லாம் அனுப்புங்க, எட்டு மணிக்கு ஒரு மெஷின் தர்றேன்னாங்க. நான் எழுந்து நின்னு ஃபோன்ல கும்பிட்டேன், முதலாளி ஒரு மாதிரியாப் பாத்தாரு. அப்புறம் டாக்டர் கையெழுத்து, விமானக் கம்பெனி ஃபாரம், நடு ஊர்ல வெளிய போயி வர அனுமதிச் சீட்டு, மக ஊர்ல செவ்வாக்கிழமைக்கு இன்னொரு மெஷின். ஒம்பது நாள் நாயா அலைஞ்சேன். என் வீட்டுக்காரரு, "அந்த டிரைவரு உனக்கு என்ன உறவு?"ன்னு கேட்டாரு. "நான் சிரிச்ச உறவு"ன்னேன். அவருக்குப் புரியல, புரியவும் வேணாம்னு விட்டுட்டேன்.

மெஷின் இல்லாத நாள்ல எல்லாம் டிரைவர் சார் ஆபீஸுக்கு வந்து உக்காந்துக்குவாரு. பாப்பா ஓட்டப் போற ரூட்டை ஃபோன் படத்துல பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணியிருந்தாரு. முப்பத்தொரு ஸ்டாப், அம்பத்திரெண்டு நிமிஷம். ஸ்டாப் பேரு வாயில நுழையாததுனால அவரே பேரு வச்சிருந்தாரு: ரெண்டு பள்ளிக்கூடம், பெரிய வளைவு, தண்ணித் தொட்டி, ஆத்துப் பாலம். ஒவ்வொண்ணுக்கும் நேரம் எழுதி ஒரு பிரதியை எங்கிட்ட குடுத்தாரு. அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சேன்.

எதிர்ல பஸ் வந்து நிக்கிறப்ப எல்லாம் அவரு கண்ணு அங்க போயிரும். ஒரு நாள் கேட்டுட்டேன், அப்படி என்னதான் பாக்கிறீங்கன்னு.

"நிக்கிற ஆளைப் பாக்கிறேன்மா. டிரைவர் எப்படின்னு தெரியணும்னா உள்ள நிக்கிற ஆளு கையைப் பாக்கணும். கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்தான்னா டிரைவர் சரியில்ல. கம்பியைப் பிடிக்காமயே ஒருத்தன் நிக்கிறான்னா, அந்த வண்டியை ஓட்டுறவன்தான் டிரைவர். நான் ஓட்டுறப்ப பாதிப் பேரு பிடிக்க மாட்டாங்க. பாதிப் பேரு பிடிப்பாங்க. முழுசா நமக்கு அமையல."

எப்பவோ மேடம் போயி அம்மா ஆயிருந்தேன். நான் கவனிக்கவே இல்ல.

"பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாமே சார்"ன்னு பத்துத் தடவை சொல்லிப் பாத்தேன். "சொன்னா வேணாம்னு சொல்லும். மீறிப் போனா, ஸ்டியரிங் பிடிக்கிறப்ப அப்பா என்ன ஆனாரோன்னு நினைப்பு ஓடும். முதல் நாளு மனசுல ரோடு மட்டும்தான் இருக்கணும்"ன்னு முடிச்சுட்டாரு.

வெள்ளிக்கிழமை பத்து மணி ஃபிளைட் நேரத்துக்குக் கிளம்புச்சு. சனிக்கிழமை அவர்கிட்டேருந்து ஒரு ஃபோட்டோ வந்துச்சு. கைல ரெண்டு ஊசி, பக்கத்துல மெஷின். கீழ 'டிப்போவில் நிற்கிறேன்'னு எழுதியிருந்தாரு. பாத்துட்டு ஆபீஸ்ல தனியா உக்காந்து சிரிச்சேன். இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

ஞாயித்துக்கிழமை துணி துவைச்சுக்கிட்டிருக்கிறப்ப ஃபோன் வந்துச்சு. கடைசியா மாற வேண்டிய ஊர்ல இருந்தாரு.

"ஏம்மா, இங்க காத்தும் மழையும் பிச்சுக்கிட்டு அடிக்குது. எங்க ஃபிளைட்டை ரத்து பண்ணிட்டாங்க."

ஈரக் கையோட லேப்டாப்பைத் தொறந்தேன். அன்னிக்கு வேற எதுவுமே இல்ல. மறுநாள் காலைல அங்க ஏழு மணிக்கு ஒண்ணு. அது மக ஊர்ல இறங்கிறது மதியம் ஒண்ணு அஞ்சு. அதுல ஒரு சீட்டை எப்படியோ பிடிச்சுட்டேன்.

"ரெண்டு பத்துக்கு ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம் இருக்கு. போதுமாம்மா?"

பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவரு நேரத்தைப் பத்திக் கேக்கிறாரு, அவர்கிட்ட நேரத்துல பொய் சொல்லக் கூடாது.

"போதாது சார். பாஸ்போர்ட் வரிசை இருக்கு. ஏர்போர்ட்லேருந்து டிப்போவுக்குக் கார்லயே நாப்பது நிமிஷம். இப்பவாவது பாப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒரு கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி வைக்கட்டும்."

"என்ன பேசுற நீ?" அந்தச் சத்தத்துல நான் ஃபோனைக் காதுலேருந்து எடுத்துட்டேன். "முதல் டிரிப்பே லேட்டுன்னு அது பேருல எழுதணுமா? அதுவும் அப்பனுக்காக! முப்பத்திநாலு வருஷம் நான் யாருக்காகவும் நிறுத்தினதில்ல. என் சம்சாரமே பின்னாடி ஓடி வந்தா, நிறுத்தல. ரெண்டு நாள் சோறு போடல, அப்பவும் நிறுத்தல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாரு. அப்புறம் குரல் இறங்கிப் போச்சு. "பாக்கலாம்மா. இங்க நாற்காலி இருக்கு, ராத்திரி உக்காந்துக்கிறேன். தண்ணி ஒரு மடக்குதான் குடிச்சேன், பயப்படாத."

நான் துணியை அப்படியே போட்டுட்டு மாடிப்படில உக்காந்து அழுதேன். என் வழில அனுப்பாம இருந்தா அந்த மனுஷன் வீட்டுல நிம்மதியாப் படுத்திருப்பாரேன்னு இருந்துச்சு. என் வீட்டுக்காரரு வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம மீதித் துணியை அலசிப் போட்டாரு.

திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கே போயி ஆபீஸைத் தொறந்துட்டேன். ஸ்கிரீன்ல அந்தக் குட்டி பிளேன் கடலைத் தாண்டி இறங்கிக்கிட்டிருந்துச்சு. ஏழு அஞ்சுக்கு இறங்கிருச்சு. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. ஏழரை ஆச்சு, ஏழே முக்கால் ஆச்சு. கண்ணாடிக்கு அடியில இருந்த அந்த முப்பத்தொரு ஸ்டாப்பையும் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. ஏழு அம்பத்தெட்டுக்கு ஃபோன் அடிச்சுச்சு.

"வெளிய வந்துட்டேன்மா. இங்க மணி ஒண்ணு அம்பத்தெட்டு. இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல வண்டியை எடுத்துரும்." குரல்ல தெம்பே இல்ல. "நாப்பது நிமிஷம்னு சொன்னேல்ல?"

"சார், டிப்போவுக்குப் போகாதீங்க."

"அப்புறம்?"

"உங்க பேப்பரைப் பாருங்க. பத்தொம்பதாவது ஸ்டாப். தண்ணித் தொட்டி. ரெண்டு நாப்பத்தொண்ணு. மேப்ல பாத்துட்டேன், ஏர்போர்ட் ரோடு அந்த இடத்துலதான் பாப்பா ரூட்டை வெட்டுது. கார்ல அரை மணி நேரம்."

அப்புறம் பேப்பர் விரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

"அட முட்டாளே"ன்னாரு. என்னை இல்ல, தன்னைத்தான். "போன வண்டியை விரட்டக் கூடாது, முன்னாடி போயி நிக்கணும். புதுசா வர்ற பசங்களுக்கு நானே சொல்லியிருக்கேன்!"

"பேசாதீங்க, கார்ல ஏறுங்க. ஃபோனை வைக்காதீங்க."

ஃபோனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. கார் கதவு சாத்துற சத்தம், டிரைவர் ஏதோ கேக்கிறது, இவரு பேப்பரைக் காட்டி நம்ம மொழிலயே, "தண்ணித் தொட்டிப்பா, தண்ணித் தொட்டி, ரெண்டு நாப்பத்தொண்ணு"ன்னு சொல்றது எல்லாம் கேட்டுச்சு. அந்த ஆளுக்கு என்ன புரிஞ்சுச்சோ, கார் கிளம்பிருச்சு. நடுவுல ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. சிக்னல் போல. "போப்பா, போப்பா"ன்னு இவரு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு. நான் இங்க மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நான்தான் அந்தக் காரைத் தள்ளுற மாதிரி.

எட்டு முப்பத்தொம்பதுக்கு, "இறங்கிட்டேன்"னாரு. மூச்சு வாங்கினாரு. "ஸ்டாப்ல நாலு பேரு நிக்கிறாங்க. இன்னும் வரல."

அந்த நேரம் பாத்து முதலாளி கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள வந்தாரு. உதட்டுல விரலை வச்சு, ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டேன். அவரு அப்படியே நின்னுட்டாரு.

எட்டு நாப்பது. எட்டு நாப்பத்தொண்ணு. என் கடிகாரம் வேகமா ஓடுதோன்னு சந்தேகம் வந்துருச்சு.

"லேட்டா சார்?"

"இரு." அப்புறம் ரொம்ப மெதுவாச் சொன்னாரு. "வளைவுல திரும்புது. அலுங்காமத் திரும்புதும்மா."

புஸ்ஸுன்னு கதவு தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. நாலு பேரு ஏறினாங்க போல, அந்த ஊரு பாஷைல ஒரு பொண்ணு குரல் நாலு தடவை ஏதோ ஒரே வார்த்தையைச் சொல்லுச்சு. வணக்கமா இருக்கும். அஞ்சாவது தடவை பாதி வார்த்தைல நின்னு போச்சு.

"அப்பா?"

இவரு படியேறுற சத்தம் கேட்டுச்சு.

"அப்பா, நீங்க எப்படி... யாரோட... உங்க கை..."

"கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரு டிக்கெட் குடு பாப்பா."

"அப்பா!"

"மணி ரெண்டு நாப்பத்தொண்ணு தாண்டப் போகுது. பேசுறதெல்லாம் கடைசி ஸ்டாப்ல. வண்டியை எடு."

என்ன நடந்துச்சுன்னு நாங்க பாக்கல. மூக்கை உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மறுபடி புஸ்ஸுன்னு கதவு சாத்துச்சு. பஸ் கிளம்பிருச்சு.

"முன்னாடி சீட்டு காலியா இருக்குப்பா, உக்காருங்க."

"நான் நிக்கிறேன்."

"அய்யோ, விழுந்துருவீங்க. அந்தக் கம்பியையாவது பிடிச்சுக்கங்கப்பா."

"நீ ரோட்டைப் பாரு."

முதலாளி என் எதிர் நாற்காலில மெல்ல உக்காந்தாரு. ரெண்டு ஸ்டாப் போச்சு. மூணு, நாலு. ஒவ்வொண்ணுலயும் கதவு தொறந்து சாத்துச்சு, அந்தக் குரல் ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொல்லுச்சு. மூணு நாள் பயணம் பண்ணின உடம்பு, ராத்திரி நாற்காலில உக்காந்த உடம்பு. கடைசில தாங்க முடியாம ஃபோன்ல கத்திட்டேன்.

"சார், அடம் பிடிக்காதீங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க!"

அவரு ஃபோனைப் பையிலேருந்து எடுத்து வாய்ப் பக்கத்துல வச்சுக்கிட்டாரு. அழுதுக்கிட்டிருந்தாரு, ஆனா குரல் தெளிவா இருந்துச்சு.

"ஆத்துப் பாலம் ஏறி இறங்கிட்டோம்மா. இன்னும் பிடிக்கல" அப்படின்னாரு.